யூரியா காற்றோடு போகாமல் இருக்க: விலை, விதி, மண்வள அட்டை

குமரி மாவட்ட நெல் பருவங்களான கன்னிப்பூ ஆனாலும் கும்பப்பூ ஆனாலும், பயிர் வளரும்போது போடும் மேலுரம் என்றால் நம் வயல்களில் யூரியாதான். 45 கிலோ மூட்டைக்கு மானியம் போக நாம் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. ஆதார் காட்டி, கருவியில் விரல் வைத்து, பில்லோடு வாங்க வேண்டும். அச்சடித்த விலைக்கு மேல் கேட்பது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் கொடுக்கலாம்.

மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்பது 2015-இல் வந்த விதி. அதனால் சத்து வீணாகாது என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. யூரியா கரைந்து உண்டாகும் அம்மோனியம், மண்ணில் நைட்ரேட் என்ற வேறு வடிவமாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்தும். ஆனால் தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியா அம்மோனியா வாயுவாகப் பறப்பதை அது பெரிதாகத் தடுக்காது. பாசி படர்ந்த வயலில் மதிய வெயிலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போதுதான் இழப்பு அதிகம்.

பறந்தது எங்கே போகிறது? அதில் கொஞ்சம், வாகனப் புகையிலிருந்து வரும் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி நம் மூச்சில் ஏறுகிறது. மீதி காற்றிலும் மழையிலும் திரும்ப இறங்குகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தில் அது விழுந்தால் பாசிக்குத்தான் தீனி. மலைக்காட்டு மரங்களில் ஒட்டி வளரும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்த லைக்கன்களுக்கோ அது நஞ்சு. 2009-ஆம் ஆண்டு தேசியக் காற்றுத் தர விதியில் அம்மோனியாவுக்கான ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஊருக்கும் சூழல் முக்கியமான இடங்களுக்கும் அதே வரம்புதான். ஐரோப்பாவில் லைக்கன்களுக்குப் பாதுகாப்பானதாக வைத்திருப்பது 1 மைக்ரோகிராம். இந்த விதியை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

சரி, வயலில் என்ன செய்யலாம்? யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஒரு இரவு வைத்திருங்கள். தண்ணீரை வடித்து, மண் சேறாக இருக்கும்போது தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள்.

எவ்வளவு போடுவது என்பதை, வயல் மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டை சொல்லும். அட்டைக்குக் காசு கிடையாது. சோதனைக்கு மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் இவற்றை விட்டுவிடுங்கள். ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரை கிலோ கொடுத்தால் போதும். அட்டை வந்ததும் முதலில் தழைச்சத்து (நைட்ரஜன்) பரிந்துரையைப் பாருங்கள். ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. அதை வைத்துக் கணக்குப் போட்டு, இப்போது போடுவது அதிகமென்றால் அடுத்த பூவிலேயே (பருவத்திலேயே) குறையுங்கள்.