தூக்குப்பாலத்தைத் திறக்கச் சொல்வது எப்படி? அமெரிக்க உள்கரை நீர்வழியில் சொந்தப் படகுக்கான விதி

வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி ஃபுளோரிடா வரை ஆறுகள், உப்பங்கழிகள், வெட்டுக் கால்வாய்களைக் கோத்துக்கொண்டு போகிறது அட்லாண்டிக் உள்கரை நீர்வழி. பராமரிப்பது ராணுவப் பொறியாளர் படை. சொந்தப் படகில் போகிறவருக்குச் சுங்கம் இல்லை, தூக்குப்பாலம் திறக்கவும் கட்டணம் இல்லை. திறக்கச் சொல்வது படகோட்டியின் உரிமை.

கூட்டாட்சி விதித்தொகுப்பு 33ஆம் தலைப்பு, 117ஆம் பகுதிதான் இதற்கு ஆதாரம். தனி நேரம் வகுக்கப்படாத பாலம், கேட்டதும் தாமதமின்றி முழுமையாகத் திறக்க வேண்டும். நெரிசலான ஊர்ப் பாலங்களுக்குத் தனி நேரம் உண்டு. வர்ஜீனியாவின் கிரேட் பிரிட்ஜ் பாலம் காலை 6 முதல் மாலை 7 வரை மணிக்கு ஒருமுறைதான் திறக்கும். நெருங்கி வரும் படகுக்காக 10 நிமிடம் வரை தாமதிக்கலாம். ஃபுளோரிடாவில் அரை மணிக்கு ஒருமுறை திறக்கும் பாலங்களில் இரண்டு நிமிடம் பிந்தினால், நீரோட்டத்தில் படகைப் பிடித்துக்கொண்டு 28 நிமிடம் நிற்க வேண்டும். அதனால் முந்தைய பாலத்திலேயே வேகத்தைக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.

பலர் தவறுவது 117.11ஆம் விதியில். மூடிய பாலத்தின் கீழ் படகு நுழைய முடியும் என்றால் திறக்கச் சொல்லவே கூடாது. ஓட்டுவதற்கு அவசியமில்லாத ஆன்டெனா, மீன்பிடிக் கழி, மடக்குக் கூரை ஆகியவற்றை இறக்கிவிட்ட பிறகுள்ள உயரம்தான் கணக்கு. மடக்கக்கூடிய ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சாலையை நிறுத்தச் சொன்னால் அபராதம் வரலாம். நீர்வழி வரைபடத்தில் இருக்கும் பாலத்தின் உயரம் சராசரி உயர் ஓத மட்டத்திலிருந்து அளந்தது. பாலத்தடியில் உள்ள அளவுப் பலகையில் நீர் தொடும் எண்தான் அந்த நேரத்து உண்மையான இடைவெளி. அதைப் படித்த பிறகே அழையுங்கள்.

வி.எச்.எஃப். வானொலியில் வர்ஜீனியா, வட கரோலினாவுக்குச் சேனல் 13. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவுக்குச் சேனல் 9. பாலத்தின் பெயர், படகின் பெயர், எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும். வானொலி இல்லையென்றால் ஹாரன்: நான்கு முதல் ஆறு விநாடி நீள ஒலி ஒன்று, மூன்று விநாடிக்குள் குட்டை ஒலி ஒன்று. அதே ஒலி திரும்பி வந்தால் திறக்கப் போகிறார்கள். ஐந்து குட்டை ஒலி வந்தால் இப்போது முடியாது, தள்ளி நில்லுங்கள். முன்னால் போகும் படகுக்குத் திறக்கிறார்கள் என்று பின்னாலேயே நுழையக் கூடாது. ஒவ்வொரு படகும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

தாமதித்தால் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து என்ற நிலையில் இருக்கும் படகுக்கும், கடும் புயலுக்கு ஒதுங்க வரும் படகுக்கும் நேர அட்டவணை தடையல்ல. அதை வானொலியில் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் பாலத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

திறக்கவே முடியாத நிலையான பாலங்களில் இந்த உரிமைக்கு வேலையில்லை. அவற்றின் பொது உயரம் 65 அடி. வட கரோலினாவின் வில்கர்சன் பாலம் 64 அடி, மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் 56 அடி. 56 அடியைவிட உயர்ந்த கம்பமுள்ள பாய்மரப் படகு, ஃபோர்ட் லாடர்டேலின் போர்ட் எவர்கிளேட்ஸ் முகத்துவாரத்தில் கடலுக்கு வெளியேறி மயாமி முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வர முடியும்.