எட்டாவது வாரத்து முகம்

தெருமுனையில் ஒரு நாய் குட்டி போட்டுவிட்டால் அந்தத் தெருவின் நடப்பே கொஞ்ச நாளைக்கு மாறிவிடும். வேலைக்குப் போகிறவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பார். பள்ளிப் பிள்ளைகள் டிபன் பாக்ஸில் பாதியை மிச்சம் வைத்துக்கொண்டு வருவார்கள். நாய் என்றாலே ஆகாது என்று சொல்லும் பாட்டிகூட கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி வைப்பார். யாரும் சொல்லி யாரும் செய்வதில்லை, குட்டியின் முகமே செய்ய வைக்கிறது. எப்படி என்பதை விலங்கியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் ஓரளவு கண்டுபிடித்திருக்கிறார்கள். குட்டியை எந்த வயதில் எடுக்கலாம், வீட்டை எப்படித் தயார் செய்வது என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

1943-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லாரன்ஸ் ஒரு கருத்தைச் சொன்னார். உடம்புக்குப் பெரிய தலை, உருண்டு முன்தள்ளிய நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கை கால், தடுமாறும் நடை. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் மனிதனுக்குள் பராமரிக்கும் உணர்வு தானாகவே எழுகிறது என்றார். மனிதக் குழந்தை பல ஆண்டுகள் பிறர் கையை நம்பித்தான் பிழைக்க வேண்டும். அந்த முகத்தைக் கண்டு உருகியவர்களின் பிள்ளைகளே அதிகம் தப்பிப் பிழைத்தார்கள், அவர்கள் வழியாக அந்த உருக்கமும் நமக்கு வந்து சேர்ந்தது. இதே அமைப்பு நாய்க்குட்டியிடம் இருந்தாலும் மூளை வேறுபாடு பார்ப்பதில்லை.

அதுவும் யோசித்து நடப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டன் கிரிங்கெல்பாக்கும் அவர் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத குழந்தையின் முகத்தைப் பார்த்த பெரியவர்களின் மூளையில், கண்களுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழித்துக்கொண்டது. பெரியவர்களின் முகத்துக்கு அப்படி நடக்கவில்லை. பரிசு, இன்பம் போன்றவற்றை எடைபோடும் பகுதி அது. "குட்டி அழகா இருக்கே" என்று வாய் சொல்வதற்கு முன்பே உள்ளே வேலை முடிந்திருக்கிறது.

ஆனால் குட்டி எல்லா வயதிலும் ஒரே அளவுக்கு அழகாகத் தெரிவதில்லை. அமெரிக்காவில் பணியாற்றும் ஆய்வாளர் கிளைவ் வின்னும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று இனங்களின் குட்டிகளை வெவ்வேறு வயதில் எடுத்த படங்களைக் காட்டி, எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். 2018-இல் வந்த அந்த ஆய்வில், பிறந்த புதிதில் மதிப்பெண் மிகக் குறைவு. பிறகு ஏறி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்கிவிட்டது. தாய் பால் மறக்கடிக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். மடியில் வாய் வைத்தால் தாய் உறுமித் தள்ளத் தொடங்கும் நாட்களில்தான் குட்டி மனிதக் கண்ணுக்கு மிக அழகாக இருக்கிறது. வின் இதைத் தற்செயலாகப் பார்க்கவில்லை. தாயின் கவனிப்பு குறையும்போது மனிதரின் கவனிப்பைப் பிடித்துக்கொள்ள இந்த அழகு உதவுகிறது என்பது அவர் விளக்கம்.

தெருவில் பிறக்கும் குட்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் மாணவர்களும் 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைப் பின்தொடர்ந்தார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. இழப்பில் பெரும்பகுதிக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம் என்று 2016-இல் வெளியான அவர்கள் கட்டுரை சொல்கிறது. பால் ஊற்றுகிற கையும் வண்டியை ஏற்றுகிற காலும் ஒரே இனத்துடையவை என்பதைப் படிக்கும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது.

நாய் நம்மோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலம் கூட வாழ்ந்ததில் அதன் முகத் தசையே மாறியிருக்கிறது. உள்புருவத்தை மேலே தூக்கும் ஒரு சிறிய தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அங்கே சில நார்களைத் தவிர அதிகம் இல்லை என்று யூலியானே கமின்ஸ்கியின் குழு 2019-இல் காட்டியது. அந்தப் புருவம் உயர்ந்தால் கண் பெரிதாகத் தெரியும், முகம் கெஞ்சுவது போலாகும். காப்பகங்களில் இப்படிப் புருவத்தைத் தூக்கிய நாய்களுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்தது என்று அதற்கு முன்பே, 2013-இல், ஓர் ஆய்வு வந்திருந்தது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவாவும் குழுவினரும் 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள். வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை ஊட்டும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை.

சரி, இந்த உச்ச அழகின் நாட்களில் குட்டிக்குள் வேறு என்னென்ன நடக்கிறது? அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருபவர் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பழகும் பருவம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் நடத்தி 1961-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான வேலிக்குள் தாயோடு குட்டிகளை வளர்த்தார்கள். வேலியின் ஓட்டை வழியாகவே உணவு போனது. சில குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் பழகியவை நன்றாக ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரையே பார்க்காதவை காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டன. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மூளை "இதெல்லாம் உலகத்தில் இருப்பதுதான்" என்று கணக்கெடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் வராதது பிறகு பயமாக மாறுகிறது. பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

இரண்டாவது, நோய்க்கு எளிதில் ஆளாகும் பருவம். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டியின் ரத்தத்துக்குப் போகின்றன. அவை வாரத்துக்கு வாரம் கரைகின்றன. இடையில் ஒரு கெட்ட காலம் வரும். நோயைத் தடுக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் மிச்சம் இருக்காது, ஆனால் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் இது வெவ்வேறு வாரத்தில் வருவதால்தான் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்கொல்லி வைரஸ் நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு" என்று நிறுத்திவிடுவதால் போகும் உயிர்கள் ஏராளம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. போன வருடம் ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீடு என்றால், பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிவிட்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் அடுத்த குட்டியை எடுக்க வேண்டும்.

இரண்டு பருவங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஊசி முடியும்வரை வெளியே காட்டாமல் வைத்திருந்தால் பழகும் காலம் போய்விடும், எல்லா இடத்திலும் இறக்கிவிட்டால் நோய் வந்துவிடும். தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. கையிலோ பையிலோ வைத்துக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாம். ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடை, கைத்தடி, சீருடை, சத்தம் போடும் பிள்ளைகள், எல்லாம் அதன் கண்ணில் படட்டும். மற்ற நாய்கள் மலம் கழிக்கும் தரையில் மட்டும் இறக்க வேண்டாம். வீட்டுக்குள் குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல் எல்லாம் தாமாகவே பாடம் நடத்தும். தீபாவளிக்கு முன் வரும் குட்டி என்றால் பட்டாசுச் சத்தத்தைக் கைபேசியில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, அது சாப்பிடும்போது கேட்கவிடுங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கின்றன. 30 முதல் 40 நாளுக்குள் பிரித்த குட்டிகளுக்கு, இரண்டு மாதம் வரை இருந்தவற்றைவிடப் பயமும் நடத்தைச் சிக்கல்களும் அதிகம் என்று 2011-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு விதியும் சொல்கிறது.

வீட்டைத் தயார் செய்ய ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றால், தரையில் படுத்துப் பார்ப்பதைத்தான் சொல்வேன். குட்டியின் கண் உயரத்தில் சார்ஜர் வயர், எலி மருந்து, கொசுவர்த்தி, பால்கனி கம்பி இடைவெளி எல்லாம் அப்போதுதான் தெரியும். சமையலறையில் கவனம் வேண்டியவை வெங்காயமும் பூண்டும். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஆகவே சாம்பார் சாதம் கூடாது. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லெட்டும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கமும் ஆபத்து. சுரத்துக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலை அதற்கும் உடைத்துக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பசும்பாலில் தாய் நாயின் பாலைவிட லாக்டோஸ் அதிகம், புரதமும் கொழுப்பும் குறைவு. பாலும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தால் வயிறு தளர்வதோடு எலும்பும் தசையும் சரியாக வளராது.

முதல் சில இரவுகள் அழும். தனியாகிவிட்ட குட்டி தாயை அழைக்கும் குரல் அது, பிடிவாதம் இல்லை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கை போட்டால் சீக்கிரம் அடங்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோனால் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பிரச்சினை பாதி தீரும். அது பழகுவதற்குள் பல முறை தரையைத் துடைக்கத்தான் வேண்டியிருக்கும், மூக்கைத் தேய்த்துத் திட்டினால் உங்களைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும். தெருவிலிருந்து வந்த குட்டி விளையாட்டாகக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரேபிஸ் குட்டிக்கும் வரும், அதற்கான ஊசியோ அதற்கு மூன்று மாதம் ஆன பிறகுதான்.

எந்தக் குட்டி என்ற கேள்வியில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். லாரன்ஸ் சொன்ன குழந்தை முகத்தை ஆயுள் முழுக்க வைத்திருக்கும்படி மனிதர்கள் உருவாக்கியதுதான் பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள். 2003-இல் பக் நாய் தோன்றிய ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு நம் ஊரில் அவை பெருகின. நாய் வியர்வையால் உடம்பைக் குளிர்விப்பதில்லை, மூக்கும் நாக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கின்றன. மூக்கைச் சுருக்கினால் அந்த வழியும் சுருங்குகிறது. சித்திரை வெயிலில் மூச்சுக்குத் தவிக்கும் நாயை அழகுக்காக வாங்குவது சரியில்லை. தெருக்குட்டியும், நம் ஊர் வேட்டை இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் இந்த வெயிலுக்குப் பொருந்தியவை. ஆனால் எட்டு வாரத்தில் உருண்டையாக இருக்கும் சிப்பிப்பாறைக் குட்டி, வளர்ந்து நீள முகமும் ஒட்டிய வயிறுமாக முயலைத் துரத்த ஆசைப்படும். தினமும் ஓடவிட இடம் இல்லாதவர் அதை எடுக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் தாயையும் முடிந்தால் தகப்பனையும் பாருங்கள், நீங்கள் வாழப்போவது அந்த உருவத்தோடும் குணத்தோடும்தான்.

அந்த வளர்ந்த நாய்க்கு வழியில் ஒரு கடினமான பருவமும் உண்டு. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரிட்டனில் லூசி ஆஷரும் குழுவினரும் நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் சோதித்தார்கள். எட்டு மாதத்தில் அவை "உட்கார்" என்றால் வளர்ப்பவருக்கு முன்பைவிடக் குறைவாகவே கீழ்ப்படிந்தன, அந்நியருக்கோ கீழ்ப்படிந்தன. மனிதப் பிள்ளைகளின் விடலைப் பருவம் போலவே. முகத்தின் உருண்டை போய்விட்ட, சொல்பேச்சும் கேட்காத இந்த மாதங்களில்தான் பல நாய்கள் கட்டிப்போடப்படுகின்றன, சில வெகுதூரம் கொண்டுபோய் விடப்படுகின்றன. ஒரு வயது ஆகும்போது கீழ்ப்படிதல் திரும்பிவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே குட்டியை எடுக்கும் நாளிலேயே அந்த எட்டாவது மாதத்துக்கும் சேர்த்துத் திட்டம் வையுங்கள். தினமும் யார் நடக்கக் கூட்டிப்போவது, பயிற்சியை யார் தொடர்வது, கருத்தடை அறுவை எப்போது, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் கூட்டி வாருங்கள்.