மண்வள அட்டை: கிழங்குப் பயிர் போடுகிறவர்கள் உழவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்

மண்வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. விவசாயிக்கு இந்த அட்டை இலவசம். தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து என்று 12 விவரங்களும், பயிருக்கு ஏற்ற உரப் பரிந்துரையும் அதில் இருக்கும்.

மரவள்ளி, கேரட், முள்ளங்கி, பீட்ரூட் போடுகிறவர்கள் இதோடு நிற்கக் கூடாது. அட்டையில் இருக்கிற சத்து வேருக்கு எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மணிச்சத்து மண்ணில் போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். சாம்பல் சத்தும் மெதுவாகத்தான் நகரும். கிழங்கில் மாவு பிடிக்க அந்தச் சாம்பல் சத்து மிகவும் தேவை. டிராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் ஓட்டினால் மேல்மண் மாவாகிவிடும்; அதற்குக் கீழே மண் தட்டாக இறுகிவிடும். கேரட்டைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும். நுனி கீழே போக வழியில்லாமல் வளைந்திருக்கும், இல்லையென்றால் இரண்டாகக் கிளைத்திருக்கும். (கல்லும் மட்காத சாணமும்கூட இப்படிச் செய்யும்.) வேர் மேலேயே முடங்கினால் அடிமண் சத்தும் ஈரமும் வீண்தான். உழவே இல்லாமல் விட்டாலும் சிக்கல் உண்டு: உரம் மேலாக்கில் தங்கிவிடும், மேல்மண் காய்ந்ததும் வேரால் அதை எடுக்க முடியாது.

அதனால் அட்டைக்காக மண் மாதிரி எடுக்கும் ஆழம் முக்கியம். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் போதும். மரவள்ளிக்கும் காய்கறிகளுக்கும் 22.5 சென்டிமீட்டர், அதாவது 9 அங்குலம் வேண்டும். மாதிரி எடுக்க வருபவரிடம் என்ன பயிர் போடப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுவடை முடிந்து, உரம் போடுவதற்கு முன்னால் எடுப்பதே சரி. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாம் வேண்டாம். இன்னொன்று: திட்டம் தொடங்கியபோது வகுத்த முறைப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரிதான். உங்கள் அட்டைக்கான மண் பக்கத்து வயலில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். சந்தேகம் இருந்தால் நீங்களே மண் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். 10, 15 இடங்களில் எடுத்து, கலந்து, பங்கிட்டு அரைக் கிலோ கொடுத்தால் போதும்.

இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க அட்டை உதவாது. ஒரு இரும்புக் கம்பி உதவும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். சுலபமாக இறங்கிவந்த கம்பி ஓரிடத்தில் சட்டென்று நின்று, நாலைந்து இடத்திலும் ஏறக்குறைய அதே ஆழத்தில் நின்றால் அதுதான் தட்டு.

அதை உடைக்க, உளி மாதிரி ஆழமாக இறங்கி மண்ணைப் பிளக்கும் உளிக் கலப்பை வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, அப்புறம் குறுக்கே ஓட்ட வேண்டும். 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை போதும்; கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் மட்கிய தொழுவுரம் போட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கத்தி அறுத்த மாதிரி கோடுதான் விழும், தட்டு உடையாது.

இதற்காகக் கலப்பையைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உளிக் கலப்பை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டிராக்டர் மட்டும் கேட்டால் வழக்கமான கலப்பையோடு வந்து நிற்கும். அறுவடை முடிந்ததும் மண் மாதிரி, அடுத்து உளி உழவு, அதற்குப் பிறகு அட்டையில் சொன்ன உரம் என்ற வரிசையில் செய்யுங்கள்.