ஊரிலேயே கண் பரிசோதனை: ஆஸ்திரேலிய மெடிகேர் எதற்குப் பணம் தரும்?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதி ஊர்கள் பலவற்றில் கண் மருத்துவ நிபுணரைப் பார்க்க ஒரு நாள் பயணம் போக வேண்டும். அதைத் தவிர்க்க, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டு வேலைகளுக்குத் தனித்தனியே பணம் தருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பில் நிற்காது.

ஒன்று, நீரிழிவு உள்ளவரின் விழித்திரையைப் படமெடுப்பது. 2016 நவம்பரில் வந்தது. பழங்குடியினர், டோரஸ் நீரிணைத் தீவினருக்கு பில்லில் போட வேண்டிய மெடிகேர் எண் 12325, 12 மாதத்துக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு 12326, 24 மாதத்துக்கு ஒருமுறை. நோயாளியின் சர்க்கரையை வழக்கமாகக் கவனிக்கும் மருத்துவர்தான் பில் போடலாம். ஆப்டோமெட்ரிஸ்டோ (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவர்) கண் மருத்துவ நிபுணரோ போட முடியாது.

படம் மட்டும் போதாது, பார்வையையும் அளக்க வேண்டும். ஏதாவது ஒரு கண்ணின் பார்வை 6/12-க்குக் (சாதாரணக் கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) கீழே இருந்தாலோ, எழுத்துப் பலகையில் இரு கண்ணுக்கும் இரண்டு வரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, நீரிழிவு விழித்திரை நோய் ஏற்கெனவே இருந்தாலோ இந்த எண்கள் பொருந்தாது. இது நோய் இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்கும் சோதனை மட்டுமே. இவர்களுக்குத் தேவை முழுப் பரிசோதனை. எனவே பலகையில் எழுத்து படிக்கவைப்பதை முதலில் முடித்துவிடுங்கள், கேமரா பிறகு.

படம் கெடுவது பெரும்பாலும் கண்மணி சுருங்கியிருப்பதால். அறையை இருட்டாக்கி ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். ஒரு கண்ணில் ஃப்ளாஷ் அடித்தால் மறு கண்மணியும் சுருங்கும். சில நிமிடம் பொறுத்து அடுத்ததை எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் லென்ஸில் தூசி. கண்புரையால் மங்கலாக வந்தால் திரும்பத் திரும்ப எடுத்துப் பயனில்லை, ஆப்டோமெட்ரிஸ்டிடம் அனுப்புங்கள்.

இரண்டாவது, 2015 செப்டம்பரில் வந்த வீடியோ ஆலோசனை உதவி. நோயாளியோடு ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்க, கண் நிபுணர் மறுமுனையில் பேசுவார். ஆப்டோமெட்ரிஸ்டுக்கான எண் 15 நிமிடத்துக்குள் என்றால் 10945, அதற்கு மேல் 10946. நோயாளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கக் கூடாது. இதற்கென வரையறுத்த பகுதியில், நிபுணரிடமிருந்து சாலை வழியே குறைந்தது 15 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு அளப்பது செல்லாது. பழங்குடியினர் மருத்துவ சேவையின் நோயாளிகளுக்கு இந்தத் தூரக் கணக்கு இல்லை. தொலைபேசியில் பேசினாலும், படத்தை அனுப்பிவிட்டு மறுநாள் பதில் வாங்கினாலும் இந்த எண்களில் பணம் கிடையாது. இணையம் தடுமாறும் ஊரில் படத்தை அனுப்பும் வழிதான் தோதானது, ஆனால் விதி அப்படி.

ஊருக்கு வந்துபோகும் ஆப்டோமெட்ரிஸ்டின் பயணச் செலவு வேறு கணக்கு. அதற்கு 1975 முதல் தனித் திட்டம் உண்டு. கண்ணாடிக்கு மெடிகேர் தராது.