இழப்பீடு அன்று, ஈட்டுத்தொகை

கருமுட்டைக் கொடையாளருக்கும் வாடகைத்தாய்க்கும் தரப்படும் பணத்தைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் 'இழப்பீடு' என்றே எழுதுகிறார்கள். அண்மையில் 'கருமுட்டை இழப்பீட்டுத் தொகை' என்று தலைப்பிட்ட மொழிபெயர்ப்புப் படிவம் ஒன்றைப் படிக்க நேர்ந்தது, இனியும் பேசாமலிருப்பதற்கில்லை.

மூலச்சொல்லான 'காம்பென்சேஷன்' என்பதன் இலத்தீன் வேருக்கு ஒன்றோடொன்று வைத்து எடைபார்த்தல் என்று பொருள். தமிழில் அதற்கு நேரானது 'ஈடு'. 'கெடு' கேடானதுபோல 'இடு' முதல் நீண்டு ஈடாயிற்று. அதன் முன்னே வடசொல்லை வைத்து 'நஷ்டஈடு' என்றார்கள். தனித்தமிழ் விரும்பியவர்கள் நஷ்டத்தை எடுத்துவிட்டு இழப்பை வைத்தார்கள். சொல் தூய்மையாயிற்று, பொருளின் குறுக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

விபத்தில் கையை இழந்தவருக்கு இழப்பீடு தருவது பொருந்தும். கருமுட்டை தந்தவர் எதை இழந்தார் என்று கேட்டால், அந்தச் சொல்லைப் படித்தவர் 'முட்டையை' என்றுதான் விடை சொல்வார். ஆனால் தொகையைக் கணிப்பவர்கள் விலக்க முயல்வதே அந்த விடையைத்தான். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் அறநெறிக் குழு 2000ஆம் ஆண்டில் போட்ட கணக்கைப் பாருங்கள்: விந்துக் கொடையாளர் ஒரு மணி நேரத்துக்கு 60 முதல் 75 டாலர் பெறுகிறார், கருமுட்டைக் கொடையாளர் மருத்துவ நடைமுறைகளில் 56 மணி நேரம் செலவிடுகிறார், ஆகவே 3,360 முதல் 4,200 டாலர். நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசிகளும், மயக்கநிலையில் முட்டையை உறிஞ்சி எடுப்பதன் தொல்லையும் அதற்கு மேல். 5,000 டாலரைத் தாண்டினால் காரணம் காட்ட வேண்டும், 10,000ஐத் தாண்டினால் தகாது என்றும் அக்குழு வரம்பிட்டது. அது விலைக்கட்டுப்பாடே என்று கொடையாளர்கள் தொடுத்த வழக்கு 2016இல் உடன்பாட்டில் முடிந்து, அந்த எண்கள் நீக்கப்பட்டன. பிரிட்டனோ ஒருமுறை முட்டை தரும் சுழற்சிக்கு 750 பவுண்டு என்று 2012இல் வகுத்தது. எங்கும் எடைக்கு வைக்கப்பட்டவை நேரமும் சிரமமுமே. எத்தனை முட்டை கிடைத்தது என்பது கணக்கில் வரவில்லை.

வாடகைத்தாய் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் கடுமையானது. ('வாடகை' என்ற அடைமொழியின் அவலட்சணத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) கட்டணத்துக்குக் கருச்சுமத்தலை அனுமதிக்கும் அமெரிக்க மாநிலங்களில், ஒப்பந்தம் அடிப்படைத் தொகையை மாதத் தவணைகளாகப் பிரித்து, இரட்டைக் கரு, அறுவைப் பேறு, படுக்கை ஓய்வால் போன ஊதியம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகக் கூட்டுகிறது. பணம் கருச்சுமத்தலுக்கே, குழந்தைக்கு அன்று என்று காட்டுவதற்கே இத்தனை பாடு. அதை 'இழப்பீடு' என்று எழுதினால் இழக்கப்பட்டது குழந்தை என்றாகிவிடுகிறது!

உண்மையான இழப்பீடும் இதே துறையில் உண்டு. பணத்துக்கான வாடகைத்தாய் முறையைத் தடைசெய்த இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், சுமக்கும் பெண்ணுக்கு 36 மாதக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. நோய், சேதம், இறப்பு ஆகியவற்றுக்கு அக்காப்பீடு தருவதே இழப்பீடு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிபெயர்ப்பாளர், கையெழுத்திடும் பெண்ணுக்குத் தன் படிவம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை மறைத்துவிடுகிறார். அகராதியில் முதலில் கிடைத்த பொருளோடு எழுந்துவிடும் பழக்கம் இதுபோன்ற படிவங்களில்தான் மிகுந்த கேடு செய்கிறது.

'சன்மானம்' என்பாரும் உளர். மரியாதையை மணிக்கணக்கில் அளப்பதில்லை. 'மதிப்பூதியம்' இன்னும் பொருந்தாது. 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்னும் குறளில் ஊதியம் என்றால் ஆதாயம்; இன்றைய வழக்கில் சம்பளம். இந்தத் தொகை இரண்டும் ஆகக்கூடாது என்பதுதானே நெறிமுறைகளின் கவலை?

ஆகவே நான் 'ஈட்டுத்தொகை' என்றே எழுதுகிறேன். சம்பாதித்தலைக் குறிக்கும் 'ஈட்டு' என்ற வினையோடு இது குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அப்பொருளில் அது 'ஈட்டுதொகை' என்றுதான் இருக்கும். நடுவில் நிற்கும் த் என்னும் ஒற்றே, இது ஈடு என்னும் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது.