ஈறில் ரத்தம் வந்தால் ஃப்ளாஸை நிறுத்தாதீர்கள்

“ஃப்ளாஸ் போட்டால் ரத்தம் வருகிறது டாக்டர், அதனால் விட்டுவிட்டேன்.” பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலான ஃப்ளாஸைப் பற்றிய இந்தப் புகாரை இந்த வாரமும் கேட்டாயிற்று. இந்த முறை சொன்னவர் ஒரு படி மேலே போய், ரத்தம் வரும் இடது பக்கத்தில் பிரஷ்கூட சரியாகப் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவும் வருடக்கணக்கில். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தால் வலது பக்கம் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது, இடது கடைவாயில் 6 வரை இறங்குகிறது. எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் எலும்பும் குறைந்திருக்கிறது. ஒரே வாய், ஒரே பேஸ்ட்!

இந்த ரத்தக் கதையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நூல் ஈறைக் கிழித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஈறு, பதமாகப் போட்ட நூலுக்கு ரத்தம் விடாது. பல் இடுக்கில் தங்கிய படிவில் கிருமிகள் பெருகி, ஈறு ஏற்கெனவே வீங்கி, தொட்டாலே கசியும் நிலைக்கு வந்திருக்கிறது. நூல் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பயந்துபோய் நிறுத்தினால் படிவு கூடும், வீக்கமும் கூடும். மாதம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தால் முன்பைவிட அதிகமாக ரத்தம் வரும், உடனே “எனக்கு ஃப்ளாஸ் ஒத்துக்கொள்ளாது” என்று தீர்ப்பு. ஒத்துக்கொள்ளாமல் போக அது என்ன மாத்திரையா?

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஈறு நன்றாக இருந்தவர்களைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத்தான், பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஈறு வீக்கத்தோடு நிற்கும்வரை இப்படித் திரும்பலாம். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால், போன எலும்பு தானாக வளராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும்.

சரி, போடுவது எப்படி? முழங்கை அளவுக்கு, சுமார் 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிரு அங்குலம் விட்டால் போதும். ‘டக்’கென்று உள்ளே அமுக்குவதுதான் ஈறை அறுக்கும், அதைச் செய்யாதீர்கள். முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து இறக்கி, நூலை ஒரு பல்லோடு வளைத்து ஒட்டவைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாக நான்கைந்து முறை தேயுங்கள். பிறகு அதே இடுக்கில் பக்கத்துப் பல். பாதிப்பேர் இதை மறந்து அடுத்த இடுக்குக்குப் போய்விடுகிறார்கள். கடைவாயில் போட்ட நூலை மோந்து பாருங்கள். வாய் நாற்றத்துக்கு மவுத்வாஷ் வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் வேறு எதையும் விளக்குவதில்லை, இதை மட்டும் செய்யச் சொல்கிறேன்.

ஃப்ளாஸ் போட்டால் பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், விழாது. ஏற்கெனவே இடைவெளி இருப்பவர்கள் நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம், இடுக்குக்கென்றே வரும் குட்டி பிரஷ் இன்னும் நன்றாக வேலை செய்யும், அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஊக்கு, குண்டூசி எல்லாம் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரஷ் விஷயம் தெரிந்ததுதான்: மென்மையான இழை, ஃப்ளோரைடு பேஸ்ட், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம். துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து ஃப்ளோரைடையும் கழுவி விடாதீர்கள்.

தினமும் ஒருமுறை, இரண்டு வாரம் ஃப்ளாஸ் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் ரத்தம் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் உள்ளே படிவு கெட்டியாகிக் காரை கட்டியிருக்கலாம், அது நூலுக்கும் பிரஷ்ஷுக்கும் அசையாது, கிளினிக்குக்கு வந்துதான் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள் வந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் சிகரெட் பிடிப்பவர்களே, எனக்கு ரத்தமே வருவதில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். புகை ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்து, நோயை மறைத்துவிடும். உங்களுக்கு வலியும் இருக்காது, ரத்தமும் இருக்காது, பல் ஆடும்போதுதான் தெரியும். அடுத்த முறை போகும்போது ஈறின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.