பக்கத்தில் கல் குவாரியா? வெடிக்கு முன்னே சுவரைப் படம் எடுங்கள்

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை மின் நிலையத்தில் எரிகிற கரி கப்பலில் வருகிறது. ஆகவே சுரங்கப் பரிசோதனை என்றால் நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் கொழும்பில் எழும்புகிற ஒவ்வொரு மாடிக்கும் கருங்கல் வேண்டும். ஹங்வெல்ல, பாதுக்க, அவிசாவளைப் பக்கம் போனால் அந்தக் கல்லை எப்படி எடுக்கிறார்கள் என்பது தெரியும். சட்டத்தின் கண்ணில் கல் குவாரியும் சுரங்கம்தான்.

அவிசாவளைப் பக்கம் இறப்பர் தோட்டத்தை ஒட்டி என் பெரியம்மாவின் வீடு. "தம்பி, வெடி போட்டா அலுமாரிக்குள்ள கோப்பை எல்லாம் கிலுகிலுங்குது" என்றார் ஒரு நாள். சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கீழே இறங்கும் விரிசலையும் காட்டினார். குவாரிக்காரரிடம் கேட்டால் பதில் தயாராக இருந்தது: "அது பழைய வெடிப்பு." பழையதா புதியதா என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

சரி, இப்படி ஒரு குவாரியை யார் பார்க்க வேண்டும்? ஒருவரல்ல, மூன்று பேர். மூவரும் பார்ப்பது வேறு வேறு விஷயம். ஓர் அலுவலகம் சரி என்றால் மற்ற இரண்டும் பார்த்துவிட்டதாக நினைப்பதுதான் ஊரில் பலரும் செய்கிற பிழை.

முதலாவது, பிட்டகோட்டேயில் இருக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வு உரிமம் கொடுப்பது இவர்கள்தான். காணி உங்களுடையதாக இருந்தாலும் இந்த உரிமம் இல்லாமல் கல்லை வெட்டி விற்க முடியாது. வெடிமருந்து வைக்க எத்தனை துளை, எவ்வளவு ஆழம், எந்த நேரத்தில் வெடி என்பதெல்லாம் உரிமத்தின் நிபந்தனைகளுக்குள் வரும். கல் எடுத்து முடிந்ததும் இடத்தைச் சீர்படுத்த முன்கூட்டியே பணப் பிணை வாங்குவதும் இவர்களே. அப்படிச் சீர்படுத்தாமல் விட்ட குழிகளில்தான் மழைத் தண்ணீர் நிரம்பி, குளிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஆபத்தாகிறது.

இரண்டாவது, பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை. தூசி, சத்தம், அதிர்வு, கழிவு நீர் ஆகியவை இவர்கள் பொறுப்பு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தனியாக எடுக்க வேண்டும். அதற்கும் காலாவதித் திகதி உண்டு. 1993 இல் வந்த வர்த்தமானிப்படி, குடியிருப்பு அல்லது வர்த்தகப் பகுதியிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரம் வைத்துக் கல் உடைப்பதென்றால் சுற்றாடல் அனுமதிக்கான தனி நடைமுறையும் இருக்கிறது. அதில் முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், பொதுமக்கள் கருத்துச் சொல்லப் பத்திரிகையில் அறிவித்தல் போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, கொழும்பு 5, ஜாவத்தை வீதியில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு மஞ்சள், அம்பர், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறார்களே, அவர்கள்தான். சரிவு நிற்குமா, சரியுமா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்.

நிலத்தின் உறுதியைப் பார்க்க வருகிறவர் குவாரியின் அடியில் நின்று அண்ணாந்து மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது பரிசோதனை அல்ல. மேலே ஏறி விளிம்புக்குப் பின்னால் நிலத்தில் நீளவாட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரங்கள் குழிப் பக்கமாகச் சாய்கின்றனவா, கல் முகம் படிபடியாக வெட்டப்பட்டிருக்கிறதா, இல்லை ஒரே செங்குத்தா, பாறையின் அடுக்குகள் குழியை நோக்கிச் சரிந்திருக்கின்றனவா என்பதெல்லாம் முக்கியம். அடுக்குகள் அப்படிச் சரிந்திருந்தால் சாய்த்து வைத்த புத்தகங்கள் மாதிரி வழுக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். நேற்றுவரை தெளிவாக வந்த ஊற்று இன்று கலங்கி வந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

தோண்டிய குழியைப் போலவே தோண்டிக் கொட்டிய மண் மேடும் ஆபத்து. இதை உலகம் படித்தது ஒரு நிலக்கரி ஊரில்தான். வேல்ஸில் அபர்ஃபான் என்ற இடத்தில், ஊற்றுகளின் மேலேயே சுரங்கக் கழிவைக் கொட்டி வந்தார்கள். 1966 ஒக்டோபர் 21 காலையில் அது சேறாக இறங்கிப் பாடசாலையை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் பிள்ளைகள். மேடுகளைப் பரிசோதிக்க அங்கே 1969 இல் தனிச் சட்டம் வந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் சரிந்தது குப்பை மேடுதான்.

இனி உங்கள் வேலை. குவாரி தொடங்கப் போகிறது என்று கேள்விப்பட்டவுடனேயே வீட்டின் ஒவ்வொரு சுவரையும் திகதி தெரியும்படி படம் எடுங்கள். விரிசல் இருந்தால் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். வெடி தொடங்குவதற்கு முன் சுற்றியுள்ள வீடுகளின் விரிசல்களைப் பதிவு செய்யச் சொல்லியும், வெடி நேரத்தில் அதிர்வு மானியை உங்கள் வீட்டு வாசலில் வைக்கச் சொல்லியும் பணியகத்துக்கு எழுதுங்கள். மானி காட்டும் எண் செக்கனுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று வரும். அந்தத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமம் இருக்கிறதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், என்ன எழுதினார்கள் என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கு மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. கூடவே ஒரு சிங்களப் பிரதியை வைத்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். இது சட்டமல்ல, அனுபவம்.

அப்புறம் ஒரு பழைய மேசன் வேலை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரு முனைகளையும் சீமெந்தால் ஒட்டிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பெரியம்மா வீட்டுத் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒட்டியது மூன்றாம் வாரமே உடைந்துவிட்டது. திகதியைச் சுவரிலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்.